தேதி முடியுமுன் தெரிந்துகொள்வோம்: ஆஸ்திரேலியாவில் தங்கும் காலத்தை நீட்டிப்பது பற்றி ஒரு விளக்கம்

தோட்ட மக்களிடையே வெளிநாட்டுப் பயணம் என்றால், ஒரு காலத்தில் பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பலேறி ஊருக்குச் சென்று வருவதையே குறிக்கும். வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோ வாய்க்கும் பயணம் அது. இன்று நிலைமை வேறு. கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஆறு மணி நேரத்திற்குள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை அடைந்துவிடலாம். அங்கே படித்து வேலையில் அமர்ந்துவிட்ட பிள்ளைகளைப் பார்க்கத் தாய் தந்தையர் செல்கின்றனர். பழத்தோட்டங்களில் நல்ல கூலி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு இளைஞர்களும் செல்கின்றனர்.

சென்றவர்களுள் சிலருக்குக் குறித்த நாளில் திரும்ப இயலாமற் போகின்றது. மகளின் பேறுகாலம் தள்ளிப் போகலாம், உடல்நலம் குன்றலாம். வேறு சிலரோ திரும்பி வர விரும்புவதில்லை. இரு சாராரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “விசாவை மாற்றிக்கொண்டு இன்னும் சில மாதங்கள் இருக்க முடியுமா?”

இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. எந்த விசாவிலிருந்து எந்த விசாவிற்கு மாறுவது, எந்த நோக்கத்திற்காக, எந்தத் தேதிக்குள் என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும். இவற்றை அறியாதவர்களிடம், “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கூறித் தரகர்கள் பணம் பறிக்கின்றனர்.

தாளின் மதிப்பும் தேதியின் மதிப்பும் நம் சமுதாயத்திற்குப் புதியன அல்ல. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தபோது, குடியுரிமை பெறாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிப் பத்திரம் பெறவேண்டியதாயிற்று. பல்லாண்டுகள் இம்மண்ணிலேயே உழைத்தும், உரிய காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பம் செய்யாதிருந்த பாட்டாளிகள் பலர் அப்போது பெரிதும் இடருற்றனர். ஆயிரக்கணக்கானோர் வேலையை இழந்து கப்பலேறினர். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் கொடுத்த விலை அது. அதே சொல்லை நம் பிள்ளைகள் இன்று அயல்நாட்டில் சொல்லிக்கொண்டிருத்தல் தகாது.

விசா கூறும் மூன்று செய்திகள்

விசா என்பது ஒரு நாட்டிற்குள் நுழையவும் அங்கே தங்கவும் அந்நாட்டு அரசு தரும் இசைவாகும். அதனைப் பெற்றவர் மூன்று செய்திகளைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, எந்த நோக்கத்திற்காக அது தரப்பட்டது? இரண்டாவது, எந்தத் தேதிவரை அங்கே இருக்கலாம்? மூன்றாவது, எந்த நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும்?

மலேசியக் கடப்பிதழ் உடையவர்கள் ஆஸ்திரேலியாவிற்கு வருகையாளராகச் செல்லப் பெரும்பாலும் பெறுவது இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியாகும். ஆஸ்திரேலியச் சட்டத்தில் இதற்கு 601 என்று எண் இடப்பட்டுள்ளது. கைத்தொலைபேசிச் செயலியின் வழியாகவே இதற்கு விண்ணப்பம் செய்யலாம். இது கடப்பிதழில் முத்திரையாகவோ ஒட்டுத்தாளாகவோ வருவதில்லை. அரசாங்கக் கணினியில் பதிவாகிவிடும். கையில் தாள் எதுவும் இல்லாமையால், அதில் அடங்கிய நிபந்தனைகளைப் பலர் படிப்பதே இல்லை.

அந்த நிபந்தனைகளுள் முதன்மையானது, வேலை செய்யக்கூடாது என்பதாகும். உறவினரைக் காணலாம், ஊர் சுற்றிப் பார்க்கலாம், வணிகம் தொடர்பாகச் சிலரைச் சந்தித்துப் பேசலாம், மூன்று மாதத்திற்கு மேற்படாமல் குறுகிய படிப்பும் படிக்கலாம். பழம் பறிப்பதும், உணவகத்தில் தட்டுக் கழுவுவதும் கூலி வேலையே. வருகையாளர் விசாவில் அவ்வேலை செய்தால் விசா இரத்துச் செய்யப்படக்கூடும்.

மூன்று மாதமும் பன்னிரண்டு மாதமும்

நம்மவர் மிகுதியாகத் தவறு செய்யும் இடம் இதுவே. மின்னணுப் பயண அனுமதி பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களுக்குச் செல்லும். அதனைக் கண்டு, “ஓர் ஆண்டு தங்கலாம்” என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். அது பிழை. அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்குள் பல முறை நுழையலாம் என்பதே அதன் பொருள். ஒவ்வொரு முறை நுழைந்தபின்னும் மூன்று மாதங்களுக்கு மேல் தங்குதல் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு தாயார் ஜனவரி மாதத்தில் அனுமதி பெற்று, மார்ச் 10-ஆம் தேதி மெல்பர்ன் சென்று சேர்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அனுமதி மறு ஆண்டு ஜனவரி வரை செல்லுபடியாகும். ஆயினும் அவர் தங்கும் காலம் ஜூன் 10-ஆம் தேதியோடு முடிந்துவிடுகின்றது. அத்தேதிக்குப் பின் ஒரு நாள் தங்கினாலும் அவர் சட்டத்திற்குப் புறம்பாகத் தங்கியவரே ஆவார்.

தேதியில் ஐயம் இருந்தால், ஆஸ்திரேலிய உள்துறை அமைச்சின் ‘வீவோ’ என்னும் இணையச் சேவையில் கடப்பிதழ் எண்ணைக் கொடுத்துத் தங்கும் கடைசித் தேதியையும் நிபந்தனைகளையும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டார் சொல்வதைக் காட்டிலும் அதனை நம்புவதே முறை.

நீட்டிப்பது எவ்வாறு?

மேற்கூறிய தாயார், மகளின் பேறுகாலம் முடியும்வரை உடனிருக்க விரும்புகின்றார். அவர் என்ன செய்தல் வேண்டும்?

மின்னணுப் பயண அனுமதியை அப்படியே நீட்டிக்க வழியில்லை. அதற்குப் பதிலாக 600 என்னும் எண்ணுள்ள வருகையாளர் விசாவிற்கு, அந்நாட்டில் இருந்தவாறே புதிதாக விண்ணப்பம் செய்யலாம். இதுவே பேச்சுவழக்கில் ‘விசாவை மாற்றுவது’ எனப்படுகின்றது. விண்ணப்பம் தங்கும் காலம் முடிவதற்கு முன்பே சமர்ப்பிக்கப்படுதல் வேண்டும். அவர் ஜூன் 10-ஆம் தேதிவரை காத்திராமல், மே மாதத்திலேயே அதனை அனுப்பிவிடுவது அறிவுடைமை.

விண்ணப்பத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை கூறியாக வேண்டும். ஏன் மேலும் தங்க வேண்டும்? தங்கும் காலத்தில் செலவிற்குப் பணம் எங்கிருந்து வரும்? முடிவில் தாயகம் திரும்புவார் என்பதற்கு என்ன சான்று? மகளின் மருத்துவர் தந்த கடிதம், மகளோ மருமகனோ செலவை ஏற்பதாக எழுதிய கடிதமும் வங்கிக் கணக்கும், மலேசியாவில் உள்ள வீடு, குடும்பம், ஓய்வூதியம் ஆகியவற்றிற்கான சான்றுகள் ஆகியவை துணைபுரியும். விண்ணப்பக் கட்டணம் பயண அனுமதிக்குச் செலுத்திய தொகையைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். விசா மறுக்கப்பட்டாலும் பொதுவாக அதனைத் திருப்பித் தரமாட்டார்கள். தொடர்ந்து தங்கும் காலம் மொத்தத்தில் பன்னிரண்டு மாதங்களைத் தாண்டுமானால், தனிப்பட்ட காரணங்கள் இருந்தாலன்றி இசைவு கிடைப்பது அரிது.

இங்கே மற்றொன்றையும் மனத்திற் கொள்ளுதல் நலம். ஆஸ்திரேலியாவின் அரசாங்க மருத்துவ உதவித் திட்டத்தில் மலேசிய வருகையாளர்களுக்கு இடமில்லை. ஒரு வாரம் மருத்துவமனையில் படுத்தால் ஓர் ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். ஆகவே, தங்கும் காலத்தை நீட்டிக்கும்போது மருத்துவக் காப்புறுதியையும் நீட்டிக்க மறவாதீர்கள்.

சில விசாக்களில் 8503 என்னும் நிபந்தனை இருக்கும். ‘மேலும் தங்க இடமில்லை’ என்பதே அதன் கருத்து. அந்நிபந்தனை உள்ளவர்கள், ஆஸ்திரேலியாவில் இருந்தவாறு பெரும்பாலான வேறு விசாக்களுக்கு விண்ணப்பிக்க இயலாது. விசா கிடைத்த பின்னர் தம் கட்டுக்கு மீறிய பெருந்துன்பம் நேர்ந்திருந்தால் மட்டும் அதனைத் தளர்த்துமாறு வேண்டலாம். எனவே, பயணத்திற்கு முன்பே நிபந்தனை எண்களைப் படித்துப் பார்த்தல் அவசியம்.

பாலம் வீடாகாது

விண்ணப்பம் அனுப்பியாயிற்று, பழைய தேதியும் முடிந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. இந்த இடைக்காலத்தில் அவர் நிலை என்ன? இதற்காகவே ‘பிரிட்ஜிங் விசா’ என ஒன்று உண்டு. பெயருக்கேற்ப அது ஒரு பாலம். தேதி முடியுமுன் முறையான விண்ணப்பம் செய்தவருக்குப் பொதுவாக ‘ஏ’ வகைப் பிரிட்ஜிங் விசா தரப்படுகின்றது. பழைய விசா முடிந்தவுடன் அது நடப்புக்கு வரும்; முடிவு தெரியும் வரையில் அவர் சட்டப்படி தங்கியிருப்பார்.

இந்தப் பாலத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, ‘ஏ’ வகை விசா உள்ளவர் நாட்டைவிட்டு வெளியேறினால் அது அத்துடன் முடிந்துவிடும். ஊரில் ஓர் இழவு என்று அவசரமாகப் புறப்பட்டு வந்தால், அதனைக் கொண்டு திரும்ப நுழைய முடியாது. போய்த் திரும்புவதற்குப் புறப்படுமுன்பே ‘பி’ வகைப் பிரிட்ஜிங் விசா பெறுதல் வேண்டும். இரண்டாவது, வருகையாளர் விசாவிற்காகக் காத்திருப்பவருக்குக் கிடைக்கும் பாலத்தில் வேலை செய்யும் உரிமை பெரும்பாலும் இராது.

பாலம் கடப்பதற்கே உரியது, குடியிருப்பதற்கு உரியதன்று. இதனை மறந்தவர்களின் கதையைத்தான் அடுத்துக் காணப் போகின்றோம்.

மாற இயலாத வழிகள்

“முதலில் வருகையாளராகப் போய்விடு, அங்கே போய் மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம்” என்று சில ஆண்டுகளுக்கு முன்வரை அறிவுரை கூறுவோர் இருந்தனர். அந்த வழி அடைபட்டுவிட்டது. 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல், வருகையாளர் விசாவிலும் மின்னணுப் பயண அனுமதியிலும் ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் அங்கிருந்தவாறு மாணவர் விசாவிற்கு விண்ணப்பிக்க இயலாதவாறு சட்டம் மாற்றப்பட்டது. படிக்க விரும்புபவர் மலேசியாவில் இருந்தே விண்ணப்பம் செய்தல் வேண்டும்.

வேலைக்கும் நேரான வழி ஒன்று உண்டு. 462 என்னும் எண்ணுள்ள வேலை–விடுமுறை விசாவிற்கு மலேசிய இளைஞர்கள் தகுதி பெறுகின்றனர். வயது 18 முதல் 30 வரை இருத்தல் வேண்டும். உயர்கல்வித் தகுதியும் போதிய ஆங்கில அறிவும் வேண்டும். ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே அது வழங்கப்படும். முதல் முறை விண்ணப்பிக்கும்போது ஆஸ்திரேலியாவிற்கு வெளியே இருத்தல் வேண்டும். ஆகவே, வருகையாளராகச் சென்று அங்கே இதற்கு மாறலாம் என்பதும் பொய்க் கணக்கே.

பழத்தோட்ட வேலைக்கென்றே பசிபிக் தீவு நாட்டவர்க்கும் திமோர்–லெஸ்தே நாட்டவர்க்கும் ஒரு தனித் திட்டம் உள்ளது. மலேசியர் அதில் சேர்க்கப்படவில்லை. “அத்திட்டத்தில் இடம் வாங்கித் தருகிறேன்” என்று யாரேனும் முன்பணம் கேட்டால், அது ஏமாற்று என்று உடனே முடிவு செய்யலாம்.

புகலிடத்தின் பெயரால் ஒரு பொய்

நேர்வழிகள் அடைபட்ட இடத்தில் தரகர் காட்டும் குறுக்குவழி ஒன்று உண்டு. அதுவே பாதுகாப்பு விசா. தம் நாட்டில் இனம், சமயம், அரசியல் கருத்து முதலிய காரணங்களால் கொடுமைக்கு உள்ளாகும் அச்சமுடையவர்களுக்காக, 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் அடிப்படையில் ஏற்பட்டது அது. உண்மையிலேயே உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களுக்கு அது ஒரு புகலிடம். அவர்கள் அதனை நாடுவதில் குற்றம் யாதுமில்லை.

தரகர் அதனை விற்பதோ வேறு நோக்கத்திற்காக. விண்ணப்பம் நிலுவையில் உள்ள காலம் முழுவதும் பிரிட்ஜிங் விசா கிடைக்கும். பலருக்கு வேலை செய்யும் உரிமையும் அதனுடன் கிடைப்பதுண்டு. முடிவு தெரிய ஆண்டுகள் ஆகும். “அதுவரை சம்பாதித்துக்கொள்” என்பதே அவர் பேச்சு. 2016–17, 2017–18 ஆகிய ஆண்டுகளில் விமானம் மூலம் சென்று ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசா கேட்டவர்களுள் மலேசியரே முதலிடத்தில் இருந்தனர். அவ்விண்ணப்பங்களுள் மிகப் பெரும்பாலானவை மறுக்கப்பட்டன.

விண்ணப்பத்தில் எழுதப்பட்ட கதை யாது என்று கையெழுத்திட்டவருக்கே தெரியாத நிலையும் உண்டு. “வேலை அனுமதித் தாள்” என்று கூறிக் கையெழுத்து வாங்கிவிடுகின்றனர். அரசு வாங்கும் கட்டணம் மிகச் சிறிது. தரகர் வாங்குவதோ ஆயிரக்கணக்கான வெள்ளி.

இதன் விளைவுகள் யாவை? விசா மறுக்கப்பட்டால், அந்நாட்டில் இருந்தவாறு வேறு பெரும்பாலான விசாக்களுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு அடைபடுகின்றது. இரண்டாம் முறை பாதுகாப்பு விசா கேட்பதற்கும் தடை உண்டு. பொய்யான தகவலோ போலிப் பத்திரமோ கொடுத்ததாகக் கண்டால், பல வகை விசாக்கள் மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கமாட்டா. தம் அடையாளத்தையே மறைத்திருந்தால் பத்து ஆண்டுகள். நாளை அந்த இளைஞரே படித்துத் தேர்ந்து முறையாகச் செல்ல விரும்பினாலும், பழைய தாள் முன்னே வந்து நிற்கும். இதற்கும் மேலாக, அவர் எழுதிய பொய்க்கதைகளின் சுமையால் உண்மை அகதி ஒருவரின் கோப்பு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கின்றது.

தேதி தவறிவிட்டால்

தேதி தவறியவர்கள் பெரும்பாலும் அச்சத்தால் ஒளிந்துகொள்கின்றனர். அதுவே அவர்கள் செய்யும் பெருந்தவறு. 1958-ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியக் குடிபெயர்வுச் சட்டப்படி, விசா இல்லாதவரைத் தடுத்து வைக்கவும் நாட்டைவிட்டு அகற்றவும் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஆயினும் தாமாகவே உள்துறை அமைச்சிடம் சென்று நிலைமையைக் கூறுபவருக்கு, புறப்பாட்டிற்கு ஏற்பாடு செய்யும் வரையில் ‘இ’ வகைப் பிரிட்ஜிங் விசா தரப்படுவதுண்டு.

28 நாட்கள் என்னும் கணக்கை இங்கே அறிந்துகொள்ளுதல் வேண்டும். விசா முடிந்து 28 நாட்களுக்கு மேல் சட்டத்திற்குப் புறம்பாகத் தங்கி, பின்னர் வெளியேறுபவருக்கு மூன்று ஆண்டுகள் வரை தற்காலிக விசா மறுக்கப்படலாம். இதனைக் கேட்டு, “28 நாட்கள் சலுகை உண்டு” என்று எவரும் கருதிவிடலாகாது. முதல் நாளே சட்டமீறல்தான். ஆனால், தவறு நேர்ந்துவிட்டது என்று உணர்ந்தவர் எவ்வளவு விரைவில் முன்வருகின்றாரோ அவ்வளவு இழப்புக் குறையும்.

விசா நிலையைக் காட்டி மிரட்டிக் கூலியைக் குறைக்கும் முதலாளிகளும் உண்டு. “புகார் செய்தால் பிடித்துக் கொடுத்துவிடுவேன்” என்பர். அந்நாட்டு வேலைச் சட்டத்தின் பாதுகாப்பு, விசா நிலை எதுவாயினும் தொழிலாளர்க்கு உண்டு என்பது 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தெளிவாக்கப்பட்டது. விசாவைக் காட்டித் தொழிலாளரை வற்புறுத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்தது. உழைத்த கூலியைக் கேட்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

யாரிடம் ஆலோசனை கேட்பது?

ஆஸ்திரேலியாவில் கட்டணம் பெற்று விசா ஆலோசனை கூறுபவர், பதிவு பெற்ற குடிபெயர்வு முகவராகவோ அந்நாட்டு வழக்கறிஞராகவோ இருத்தல் வேண்டும். முகவர் பதிவுபெற்றவரா என்பதை அரசாங்கப் பட்டியலில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொண்டால், கான்பராவில் உள்ள மலேசியத் தூதரகத்தை நாடலாம்.

பயணம் புறப்படுவோரும் அவர்தம் பெற்றோரும் கீழ்க்காண்பவற்றைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்:

1. விசாவின் எண், தங்கும் கடைசித் தேதி, நிபந்தனைகள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒரு படி உடன் எடுத்துச் செல்க. மற்றொரு படியை வீட்டில் வைத்துச் செல்க.

2. நீட்டிக்க வேண்டுமானால், கடைசித் தேதிக்குப் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பம் செய்க.

3. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, உரிய விசாவின்றி நாட்டைவிட்டு வெளியேறற்க.

4. படித்துப் பொருள் அறியாத எந்தத் தாளிலும் கையெழுத்திடற்க. ஆங்கிலம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்க.

5. செலுத்திய பணத்திற்கெல்லாம் ரசீது பெறுக.

6. தேதி தவறிவிட்டால் ஒளியற்க. உடனே அதிகாரிகளிடமோ வழக்கறிஞரிடமோ சென்று வழி கேட்க.

தோட்டங்களில் விளக்கக் கூட்டம் முடிந்தபின், பெற்றோர் ஒருவரோ இருவரோ தனியே வந்து, “பையன் போய் எட்டு மாதமாகிவிட்டது, ஐயா, இப்போது என்ன செய்வது?” என்று தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. அக்கேள்வி ஐந்து மாதங்களுக்கு முன் கேட்கப்பட்டிருந்தால் விடை எளிதாக இருந்திருக்கும். நெருங்கிய உறவினரைப் பார்த்துவரச் செல்வது நல்லதே; உலகைக் கண்டு வருவதும் நல்லதே. போகும்போது நிமிர்ந்து சென்ற பிள்ளை, வரும்போதும் நிமிர்ந்தே வருதல் வேண்டும். அதற்குப் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டு நாட்காட்டியில் பிள்ளையின் கடைசித் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். அத்தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, “சாப்பிட்டாயா?” என்று கேட்கும் அதே தொலைபேசியில், “விசாவிற்கு என்ன செய்திருக்கிறாய்?” என்றும் கேளுங்கள்.